சத்தமில்லாத வண்டி

நவம்பர் 6, புதன்

பிக்கப் விற்றுப்போய்விட்டது. காரமடைக்காரர் வந்து பானெட்டைத் திறந்து, முகர்ந்து, தட்டி, முன்னும் பின்னும் நாலு முறை ஓட்டிப் பார்த்து, ஒருவழியாக எடுத்துக்கொண்டு போனார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இவ்வளவு பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் திருமூர்த்தி, வண்டி வளைவு திரும்பும்வரை ரோட்டிலேயே நின்றார். பத்து வருஷம் ஓட்டிய வண்டி. அழவில்லை என்று உள்ளே வந்து சொன்னார். நான் கேட்கவே இல்லை.

ஒரு மாதமாக இந்த வீட்டில் இதே வழக்குதான். அடுத்து வாங்கும் வண்டிக்கு அவர் பழையபடி டீசல் கட்சி, நான் பெட்ரோல் கட்சி. டீசலுக்கு மைலேஜ், டீசலுக்கு இழுவை, டீசல் எஞ்சின் மூன்று தலைமுறைக்கு உழைக்கும் என்பார்.

"லோடு ஏத்திட்டு ஏத்தத்துல நிறுத்தி எடுத்தாலும் மூச்சு வாங்காது புள்ள. பெட்ரோல் வண்டி அந்த எடத்துல அழுதுபோடும்."

நான் விடுவேனா? கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஓட்டிய காலம் முடிந்தது. இப்போது கோத்தகிரி பேக்கரியிலிருந்து அக்கம்பக்கத்து டீக்கடைகளுக்கு வர்க்கியும் பன்னும் போடுகிறார். வர்க்கிக்கு எதற்கு இழுவை? ஊதினால் பறக்கும். ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர், அதுவும் கடைக்குக் கடை நிறுத்தி நிறுத்தி. டீசல் எஞ்சின் சூடாவதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். டீசல் விலையும் மாதம் அரை ரூபாய் ஏறிக்கொண்டிருக்கிறது. பம்ப் பழுதானால் அது தனிக் கூத்து. இப்படிப் பேசித்தான் ஜெயித்தேன்.

ஆனால் ஜெயித்தது இதனால் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். நாலு வருஷத்துக்கு முன், ஐந்தாம் மாதத்தில் வலி கண்டு, அந்தப் பிக்கப்பில்தான் கோயம்புத்தூருக்கு இறங்கினோம். வளைவுக்கு வளைவு அந்த எஞ்சினின் உதறல் என் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. வண்டி குலுங்கியதால் இல்லை என்று டாக்டரம்மா பத்துத் தடவை சொன்னார். அவர் படித்தவர், சொல்வார். சீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான்.

அதற்குப் பிறகு இப்போதுதான் மறுபடி தங்கியிருக்கிறது. நாலு மாதம் முடிந்தது. கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, பிரசவம்வரை படுக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். குளியலறைக்குப் போக மட்டும் எழுந்திருக்கலாம். கோகிலவாணி என்று பெயர் வைத்த என் வாய்க்கு வேலை இல்லாததால், பேக்கரிக்கு மைதா போடும் கம்பெனி கொடுத்த இந்த டைரிக்கு வேலை வந்திருக்கிறது.

நவம்பர் 7, வியாழன்

புது வண்டி வந்தது. புதுசு என்றால் எங்களுக்குப் புதுசு, வண்டிக்கு வயது பதினொன்று. வெள்ளை பெட்ரோல் வேன்.

எங்கள் வீடு மலைச்சரிவில் இருக்கிறது. ரோட்டு மட்டத்தில் வண்டி ஷெட், அதன் தலைமேல் பலகைத் தரை போட்ட என் அறை. பிக்கப் இருந்த காலத்தில் காலை ஆறு மணிக்கு அதைக் கிளப்பினால் என் கட்டில் நடனமாடும். ஷெட் கதவு இரண்டையும் விரியத் திறந்து வைக்காவிட்டால் பலகை இடுக்கு வழியே கரும்புகை ஏறி, கொசு மருந்து அடித்த மாதிரி ஆகிவிடும். நான் இருமுகிற இருமலில் அவர் ஓடிப்போய்த் திறப்பார்.

இன்று வேன் கிளம்பியது எனக்குத் தெரியவே இல்லை. ஆறு மணிக்கு சோக்கை இழுத்துக் கிளப்பி ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு மேலே வந்தார். கதவைச் சாத்தாமல் முடியாது. முதல் நாள் சாயங்காலமே வர்க்கிப் பெட்டிகளை ஏற்றிவிடுவதால் வாசனைக்குக் கரடி வரும். போன மாதம்தான் ஒன்று கீழ்க்கோயிலில் புகுந்து விளக்கெண்ணெய் முழுக்கக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது.

"இருவது நிமிசம் ஓடட்டும். இந்தக் குளுருல எடுத்தவொடனே மிதிச்சா எஞ்சின் போயிரும்."

"டீசலுக்குத்தானுங்க அந்த வழக்கம்?"

"எதுக்கானாலும் எஞ்சின் எஞ்சின்தான் புள்ள."

அந்த இருபது நிமிஷம் என் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்தார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் காலை நேரத்தில் இந்த மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. எப்போதும் கீழே புகைக்கு நடுவில்தான் நிற்பார். பெட்ரோல் வாழ்க.

நவம்பர் 9, சனி

காலையிலிருந்து தலைவலி. நெற்றியில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கிறது. குமட்டலும் இருக்கிறது. பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா பதினொரு மணிக்குச் சமைத்துக்கொடுக்க வருவாள். வந்ததும், "என்னடி இது, ஊடு மூச்சடைச்சுக் கெடக்குது" என்று சன்னலைத் திறந்தாள். டீ குடித்ததும் தலைவலி விட்டது. காபியை விட்டு டீக்கு மாறலாம்.

நவம்பர் 12, செவ்வாய்

பேக்கரியில் இன்று அடுப்பு விடுமுறை. செவ்வாய்க்கிழமை தோறும் அப்படித்தான். வண்டி எடுக்கவில்லை. தலைவலியும் இல்லை. மூன்று தோசை சாப்பிட்டேன். அவர் எண்ணியதைப் பார்த்துவிட்டு நாலாவதும் கேட்டேன்.

நவம்பர் 14, வியாழன்

கீழே டீசல் ஓடுகிறது. வண்டியை விற்று எட்டு நாள் ஆகிறது.

நவம்பர் 15, வெள்ளி

நேற்று எழுதியதை இன்று படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் இன்றும் கேட்டது. அவர் வேனை எடுத்துப் போன பிறகு, எட்டு மணி சுமாருக்கு, ஷெட்டிலிருந்து டக டக டக என்று அதே தாளம். நாலாவது அடி மட்டும் கொஞ்சம் தடுக்கும், அந்தத் தடுக்கலும் அப்படியே இருந்தது. கட்டிலில் கை வைத்தேன். அதிர்ந்தது.

மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் சொன்னேன்.

"பத்து வருசம் கேட்ட சத்தம், காதுல தங்கியிருக்கும்" என்றார்.

"எதுக்கும் காரமடைக்குப் போன் போட்டு வண்டி எங்க நிக்குதுன்னு கேளுங்க."

கேட்டார். வண்டி நேற்றும் இன்றும் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம் போயிருக்கிறது. அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இனிமேல் சொல்வதாக இல்லை.

நவம்பர் 18, திங்கள்

காபி குடித்துவிட்டு அவர் விட்டுப்போன நாற்காலியில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று என்றுதான் முதலில் நினைத்தேன். பச்சை ஸ்வெட்டர், கை நீளம், விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. நாலு வயது இருக்கும். காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலி யார் உட்கார்ந்தாலும் கிறீச்சிடும். இவளுக்குக் கிறீச்சிடவில்லை. யாரம்மா நீ என்று கேட்டேன். திரும்பவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜாமணி அக்கா வந்து சன்னலைத் திறந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. வாசல் கதவு உள்ளே தாழ் போட்டபடியே இருந்ததாம். அக்கா பின்கட்டு வழியாகத்தான் வந்தாள்.

நவம்பர் 19, செவ்வாய்

வரவில்லை.

நவம்பர் 21, வியாழன்

நேற்றும் இன்றும் வந்தாள். காலில் செருப்பு இல்லை, ஆனால் பாதம் சுத்தமாக இருக்கிறது. தலைமுடியை யாரோ அவசரத்தில் வெட்டிவிட்ட மாதிரி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. எனக்குச் சின்ன வயதில் அப்படித்தான் இருக்கும்.

பயமாக இல்லை. பயமாக இல்லை என்பதுதான் பயமாக இருக்கிறது.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அவள் தங்கியிருந்தால் வருகிற தையில் நாலு வயது முடியும்.

நவம்பர் 25, திங்கள்

அடைக்கோழி செத்துப்போனது. ஷெட்டில் மேல்பரணில் பதினொரு முட்டை வைத்து அடைகாத்துக்கொண்டிருந்தது. ராஜாமணி அக்கா தீனி வைக்கப் போனவள், தொட்டுப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்த நிலையிலேயே, முட்டையை விட்டு நகராமல், கண்ணைத் திறந்துகொண்டு செத்திருக்கிறது. ஒரு காயமில்லை.

"ஏதோ சீக்கு வந்திருக்கோணும். ஆனா எதுக்கும் ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டிக்க கோகிலா. மாசமா இருக்கறவ மேல கண்ணுபடும். உன்ற மூஞ்சியும் என்னமோ செவந்து கெடக்குது."

"அழகு கூடுதுக்கா" என்றேன். கயிற்றைக் கட்டிக்கொண்டேன்.

அவருக்கும் காலையில் தலை நோவதாகச் சொன்னார். ரோட்டில் இறங்கிக் காற்று பட்டால் சரியாகிவிடுமாம். கண்ணாடி போட வேண்டிய வயது வந்துவிட்டது என்று கிண்டல் செய்தேன்.

நவம்பர் 28, வியாழன்

பேசினாள்.

உன் பேர் என்ன கண்ணு என்று கேட்டேன். இத்தனை நாள் கேட்டும் வராத பதில் இன்று வந்தது.

"நீதான் வெக்கவேயில்லையே."

உண்மைதான். வைக்கவில்லை. துணியில் சுற்றி எடுத்துப் போனதைக்கூட நான் பார்க்கவில்லை, பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சரி என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்று பத்துமணிவரை அழுதேன். அழுகை முடிந்து பார்த்தபோதும் அவள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துதான் இருந்தாள். எவ்வளவு பொறுமையான பிள்ளை.

டிசம்பர் 2, திங்கள்

குளியலறை வாசலில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, உட்கார்ந்தேன். இரண்டு முறை வாந்தி. கழுவி விட்டேன், யாருக்கும் தெரியாது.

சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். சூலூரில் அம்மா வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார். அங்கே அவள் எப்படி வருவாள்? இந்த அறையை விட்டால் அவளுக்கு வேறு இடம் தெரியுமா?

வயிற்றுக்குள் போன வாரம் மீன் புரள்வது மாதிரி அசைந்தது. இந்த வாரம் குறைச்சல். தூங்குகிறதாக இருக்கும்.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று அவள் வரமாட்டாள். எதனால் செவ்வாய்க்கிழமை வருவதில்லை என்று தெரியவில்லை. கோயில் கீயில் ஏதாவது காரணமாக இருக்கும். வயிற்றுக்குள் நன்றாக உதைத்தது. அவர் காதை வைத்துக் கேட்டார். என்னமோ ரேடியோ கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இப்படி ஒரு நாளை நிறுத்தி வைத்துக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும்.

டிசம்பர் 6, வெள்ளி

நாற்காலியை விட்டு இறங்கிக் கட்டிலுக்கு வந்தாள். ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு, என் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கனமே இல்லை. குளிர் மட்டும் இருந்தது.

"பாப்பாவ எங்கூட அனுப்பறயா? ஒருத்தியா இருந்தாக் குளுருது."

நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை.

டிசம்பர் 9, திங்கள்

வேன் ஏற்றத்தில் திணறுகிறதாம். ஓடாமல் நிற்கும்போது உதறுகிறதாம், பெட்ரோலும் குடிக்கிறதாம். "டீசலா இருந்திருந்தா" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அதைத்தான் அவர் கவனித்தார் போலிருக்கிறது. குன்னூரிலிருந்து மெக்கானிக் தேவசகாயம் அண்ணனை வரச் சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் 10, செவ்வாய்

இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு. கோயம்புத்தூர், ஆஸ்பத்திரி.

புதன்கிழமை நடந்ததில் எனக்குப் பாதிதான் ஞாபகம். மீதி அவர் சொன்னது.

தேவசகாயம் அண்ணன் முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். ஆறேகால் மணி. ஷெட் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே எஞ்சின் ஓடுகிற சத்தம். கதவைத் திறந்தவர் ஒரு நிமிஷம் அப்படியே நின்று அண்ணாந்து பலகையைப் பார்த்திருக்கிறார். அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டுப் படியேறி வந்து, காபித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்.

"எத்தன நாளா இப்டிக் கதவச் சாத்தி ஓட்டற?"

"வண்டி வாங்கினதுல இருந்துங்கண்ணா. கரடி வருமுங்க."

"கரடி வந்தாக்கூடப் பொழச்சிருப்பீங்களேடா! மொதல்ல அந்தப் புள்ளையத் தூக்கு, வெளிய தூக்கு!"

என்னைப் போர்வையோடு சுருட்டி ரோட்டோரத்தில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் குரல் மட்டும் தூரத்தில் கேட்டது. எனக்குச் சொன்னாரா, இவரைத் திட்டினாரா தெரியாது.

"டீசல் பொகை கண்ணக் கரிக்கும், தொண்டையப் பிடிக்கும், மனுசன் தானா எந்திரிச்சுக் கதவத் தொறந்துருவான். அதுவும் நல்லதுன்னு நான் சொல்லல. ஆனா கார்பன் மோனாக்சைடுங்கற விஷம் அதுல கம்மி. பெட்ரோல் வண்டி குளுந்து கெடக்கறப்ப சோக்கு இழுத்துவிட்டா கக்கறதெல்லாம் இந்த விஷம்தான். நெறமில்ல, வாசமில்ல. தூங்கவெச்சுக் கொண்டுபோயிரும். நீ இருவது நிமிசத்துல எறங்கிக் காத்துல போயிட்ட. அந்தப் புள்ள சன்னலச் சாத்திட்டு மத்தியானம் வரைக்கும் அதத்தான மூச்சா இழுத்துட்டுக் கெடந்துருக்கு?"

அன்றைக்கே கோயம்புத்தூர். அண்ணனுக்குத் தெரிந்த டாக்ஸி. டீசல் கார்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இறங்கினேன்.

மூன்று நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். ரத்தத்தில் அந்த விஷம் இருந்ததாம், நிறையவே. ஸ்கேன் செய்தார்கள். குழந்தையின் துடிப்பு இருக்கிறது. நல்ல துடிப்பு. வளர்த்தியும் சரியாக இருக்கிறதாம். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டரம்மா. பெண்ணா ஆணா என்று கேட்கக்கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. நான் கேட்கவில்லை.

இந்த மாதிரி இருக்கும்போது யாரையாவது பார்ப்பது உண்டா என்று மட்டும் கேட்டேன்.

"மூளைக்கு ஆக்சிஜன் குறைஞ்சா யாரை வேணும்னாலும் பார்ப்பீங்கம்மா. இல்லாத சத்தம் கேக்கும். பாத்தீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

அவர் எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமையின் காரணம் இப்போது புரிகிறது. கோழியின் காரணமும்.

ஆறாம் தேதி என்ன பதில் சொன்னேன் என்பதும் ஞாபகம் வந்துவிட்டது. சரி கண்ணு என்று சொன்னேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. கட்டிலைப் பின் அறைக்கு மாற்றிவிட்டார். வேனை இனி ரோட்டில் நிறுத்தித்தான் கிளப்புகிறார். கரடிக்குத் தகரடப்பா ஒன்று வைத்திருக்கிறார், தட்டுவதற்கு. காலையில் டம டம என்று தட்டிக்கொண்டு ரோட்டில் நிற்கிறார். ஊரே சிரிக்கிறது. நேற்று என் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். நானே கொன்னிருப்பேனே புள்ள, நானே கொன்னிருப்பேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பெட்ரோல் வேண்டும் என்று சண்டை போட்டது நான் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

டிசம்பர் 27, வெள்ளி

தலைவலி இல்லை. நன்றாகப் பசிக்கிறது. உதை பலமாக இருக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

மனசு அவளைத் தேடுகிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இல்லை என்று தெரியும். புகை என்று தெரியும். ரத்தத்தில் ஓடிய விஷத்துக்கு நான் முடி வெட்டிவிட்டு, ஸ்வெட்டர் போட்டுவிட்டேன் என்று தெரியும். தெரிந்தும் ஆறு மணிக்கு விழிப்பு வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி காலியாக இருக்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஜனவரி 7, செவ்வாய்

இன்று விசேஷமாக ஒன்றுமில்லை. அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். ராஜாமணி அக்கா வரவில்லை. மழைக்கு வேனை ஷெட்டுக்குள் விட்டிருந்தார். நான் கொஞ்சம் நடந்தேன்.

ஜனவரி 8, புதன்

காலையில் காபி கொண்டுவந்தவரிடம், வேனைக் கொடுத்துவிட்டுப் பழையபடி டீசல் வண்டி வாங்கிவிடலாம் என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அடுக்கினேன். ஏற்றத்தில் திணறுகிறது. மைலேஜ் இல்லை. பிள்ளை பிறந்தால் செலவு கூடும், மறுபடி கேரட் ஓட்ட வேண்டிவரும், அப்போது இழுவை வேண்டும். எஞ்சின் நெடுநாள் உழைக்கும். போன அக்டோபரில் அவர் எனக்குச் சொன்ன ஒவ்வொன்றையும் அவருக்கே திருப்பிச் சொன்னேன்.

"ஏ புள்ள, குலுங்குமுன்னு அழுதவ நீ. அந்தச் சத்தம் கேட்டாலே உனக்கு ஆகாதே."

"ஆகும். சத்தம் கேக்கோணும். பொகை கண்ணக் கரிக்கோணும். இருமல் வரோணும். எனக்கு அந்த மாதிரி வண்டிதாங்க வேணும்."

"அதுதான் ரோட்டுல நிறுத்திக் கெளப்பறேனே. இனி என்ன பயம்?"

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நேற்று இந்த டைரியில்கூட எழுதவில்லை. ஆனால் இவரிடம் மறைத்து மறைத்துத்தான் வயிற்றில் இருப்பதைக் கிட்டத்தட்டத் தொலைத்தேன். சொன்னேன்.

"நேத்து நீங்க ரேசனுக்குப் போனப்ப நான் கீழ போனேனுங்க. சாவிய எடுத்துட்டுப் போனேன். கதவச் சாத்திப்போட்டு வண்டியக் கெளப்பினேன்."

அவர் தம்ளரைத் தரையில் வைத்தார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, பச்சை ஸ்வெட்டர், பேர் வைக்காதது, பாப்பாவைக் கேட்டது, நான் சரி என்றது. ஒரு தடவை பார்த்து, முடியாது என்று சொல்லிவிட்டு, பேர் ஒன்று வைத்து அனுப்பிவிடலாம் என்று நினைத்துத்தான் போனதாகச் சொன்னேன். அது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. பார்த்தால் போதும் என்றுதான் போனேன். சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன். எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருப்பது உதைத்தது. ஒரு உதை, இரண்டு உதை, பிறகு விடாமல். கதவைத் தட்டுகிற மாதிரி. அணைத்துவிட்டேன். கதவைத் தள்ளித் திறந்துகொண்டு மழையில் வந்து நின்றேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூடச் சரி என்றுதான் இருந்தேன்.

"வந்தாளா?" என்றார்.

"வரலைங்க. வர்றதுக்குள்ள அணைச்சுப்போட்டேன்."

தலையை ஆட்டினார். சட்டைப்பையிலிருந்து வேன் சாவியை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் தெனம் இருவது நிமிசம் அந்த நாக்காலிலதான் புள்ள உக்காந்திருந்தேன்" என்றார். "எனக்கு ஒருக்காகூடக் காட்டலையே."

அவர் குரல் என்னவோ போல இருந்தது. முகத்தைப் பார்த்தேன். நேற்று ஷெட்டுக்குப் படியிறங்கியபோது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

சாவியை அவர் கையிலிருந்து வாங்கினேன். கொஞ்சம் இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. பின்கட்டுக்குப் போய் ராஜாமணி அக்காவைக் கூப்பிட்டு அவள் இடுப்பில் செருகச் சொன்னேன். தேவசகாயம் அண்ணன் வந்து வண்டியை எடுத்துப்போகும் வரைக்கும் எங்கள் இரண்டு பேரில் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.